வயலில் போட்ட 16 புள்ளிகள் எவ்வளவு சீர்? அளந்து பார்ப்பது எப்படி

கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கான பதில் இது. இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு ஏக்கர் வயலில் 16 இடங்களில் மண் எடுத்து, சேதனப் பொருளின் சராசரியைக் கணிக்கப்போகிறார். இடங்களைச் சோபோல் முறையில் (புள்ளிகளைச் சீராகப் பரப்பித் தரும் ஒரு கணித உபாயம்) கணினியிலேயே எடுத்துவிட்டார். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "சீராகத்தான் தெரிகிறது, ஆனால் எவ்வளவு சீர் என்று ஒரு எண்ணில் சொல்லுங்கள்" என்றிருக்கிறார். மென்பொருளைத் திறந்தால் நாலு வகை 'டிஸ்க்ரெபன்சி' இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண் தருகிறது. எதை எடுப்பது?

தங்கச்சி, அந்தப் புள்ளிகளை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் முதலில் தெரியவேண்டும். சராசரி எடுக்கவா, அல்லது வயலில் எந்த மூலையும் விடுபடாமல் பார்க்கவா? இரண்டுக்கும் அளவுகோல் வேறு. ஒன்றில் கெட்டிக்காரப் புள்ளித் தொகுதி மற்றதில் தோற்றுப்போகலாம். அதைக் கீழே எண்களோடு காட்டுகிறேன். நான் வவுனியாவில் கணிதம் படிப்பிப்பவன், மண்ணைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் புள்ளிகளை எண்ணுவது என் வேலை.

டிஸ்க்ரெபன்சி என்பதை இங்கே 'விலகல்' என்று எழுதுகிறேன். புள்ளிவிபரவியலில் வரும் நியம விலகல் வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு நேர்கோட்டில் தொடங்குவோம். 100 மீற்றர் நீளமான ஒரு வரம்பு. மதகடியில் நின்று மறுமுனை நோக்கி நடக்கிறீர்கள். வழியில் ஐந்து இடங்களில் தடி நட்டிருக்கிறது: 8, 15, 52, 60, 95 மீற்றரில். சீராக நட்டிருந்தால் 15 மீற்றர் நடந்தபோது மொத்தத் தடிகளில் 15 வீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். உண்மையில் ஐந்தில் இரண்டைத் தாண்டிவிட்டீர்கள், அதாவது 40 வீதம். வித்தியாசம் 0.25. இப்படி வரம்பின் எந்த இடத்தில் நின்றாலும் "தாண்டிய தடிகளின் பங்கு, நடந்த தூரத்தின் பங்கு, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டுக்கொண்டே போய், அகப்பட்டவற்றில் மிகப் பெரியதை எடுத்தால் அதுதான் நட்சத்திர விலகல். இங்கே விடை 0.25.

எல்லா இடத்திலும் நின்று பார்க்கத் தேவையில்லை. வித்தியாசம் உச்சத்துக்குப் போவது தடிக்கு அருகில் மட்டும்தான். ஒவ்வொரு தடியிலும் இரண்டு தடவை பாருங்கள்: தடியைத் தொடுவதற்கு ஒரு கணம் முன், தொட்ட கணத்தில். 52 மீற்றர்த் தடிக்கு முன் நிற்கும்போது தாண்டியது 40 வீதம், நடந்தது 52 வீதம், குறை 0.12. தொட்டதும் 60 வீதம், மிகை 0.08. இந்த 'முன்னும் தொட்டும்' என்ற இரட்டைப் பார்வையைத் தவறவிடுவதுதான் நான் மாணவர்களின் நிரல்களில் அடிக்கடி காணும் பிழை.

அதே ஐந்து தடிகளை 10, 30, 50, 70, 90 மீற்றரில் நட்டால் விலகல் 0.10. ஐந்து தடிக்கு அதைவிடக் குறைக்கவே முடியாது. பொதுவாக N புள்ளிகளுக்குக் கோட்டில் ஆகக் குறைந்த விலகல் 1/(2N). மேலே உள்ள ஒழுங்கற்ற ஐந்தையும் இந்த ஐந்தோடு சோடி சேர்த்துப் பாருங்கள்: 8க்கு 10, 15க்கு 30, 52க்கு 50, 60க்கு 70, 95க்கு 90. மிகப் பெரிய இடைவெளி 15 மீற்றர், அதாவது 0.15. அதோடு 0.10ஐக் கூட்டினால் 0.25. கோட்டில் எந்தத் தொகுதிக்கும் இந்தக் குறுக்குவழி பொருந்தும், கையாலேயே கணித்துவிடலாம்.

இன்னொன்று. இந்தத் தடிகளை அப்படியே 10 மீற்றர் பின்னுக்கு இழுத்து 0, 20, 40, 60, 80 என்று நட்டால், தடிகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறவில்லை, ஆனால் விலகல் 0.20 ஆகிவிடும். சரியாக இரட்டிப்பு. கணினி தரும் சோபோல் புள்ளிகள் வழமையாகப் பூச்சியத்தில்தான் தொடங்கும். அதனால் அளக்க முன்னர், புள்ளிகள் தத்தம் சிறு கட்டத்தின் மூலையில் நிற்கின்றனவா நடுவில் நிற்கின்றனவா என்று பாருங்கள். 16 புள்ளிக்கே இது பெரிய வித்தியாசம் காட்டும்.

சரி, இனி வயல். கணக்கு இலகுவாக இருக்க 64 மீற்றர் பக்கமுள்ள சதுர வயல் என்று வைப்போம். 4096 சதுர மீற்றர், ஒரு ஏக்கரைவிடக் கொஞ்சம் கூட. தென்மேற்கு மூலையில் நில்லுங்கள். அந்த மூலையில் தொடங்கி, கிழக்கே இவ்வளவு வடக்கே இவ்வளவு என்று ஒரு செவ்வகத் துண்டைக் கயிறு பிடித்து அடையுங்கள். துண்டுக்குள் விழுந்த புள்ளிகளின் பங்கு, துண்டின் பரப்பளவின் பங்கு, இரண்டின் வித்தியாசம். எல்லாத் துண்டுகளிலும் மிக மோசமானது எதுவோ அதுவே இரு பரிமாண நட்சத்திர விலகல்.

இரண்டு தொகுதிகளை ஒப்பிடுவோம்.

முதலாவது, யாரும் முதலில் நினைக்கும் சதுரக் கட்டம். கிழக்கே 8, 24, 40, 56 மீற்றர், வடக்கேயும் அதே. நாலு நாலு பதினாறு. கண்ணுக்கு இதைவிடச் சீரானது இல்லை. இப்போது 56க்கு 56 மீற்றர் துண்டை அடையுங்கள். பதினாறு புள்ளியும் உள்ளே வந்துவிட்டன. ஆனால் பரப்பளவு 3136 சதுர மீற்றர்தான், வயலின் 76.6 வீதம். பங்குப்படி 12.25 புள்ளிதான் இருக்கவேண்டும். விலகல் 15/64, அதாவது 0.234.

இரண்டாவது, ஹேமர்ஸ்லி தொகுதி. ஜோன் ஹேமர்ஸ்லி 1960இல் சொன்னது, அதற்கு அடிப்படை வான் டெர் கோர்ப்புட் 1935இல் தந்த உபாயம். செய்வது இலகு. 0 முதல் 15 வரை எண்களை நாலு இலக்க இரும எண்ணாக எழுதி, இலக்கங்களை வலமிருந்து இடமாகத் திருப்புங்கள். 1 என்பது 0001, திருப்பினால் 1000, அதாவது 8. 2 என்பது 0010, திருப்பினால் 0100, அதாவது 4. இப்படியே போனால் வரும் வரிசை 0, 8, 4, 12, 2, 10, 6, 14, 1, 9, 5, 13, 3, 11, 7, 15. வயலைக் கிழக்கு மேற்காக 4 மீற்றர் அகலப் பட்டிகளாகப் பிரித்தால் 16 பட்டி. ஒவ்வொரு பட்டியின் நடுவிலும் ஒரு புள்ளி. அது வடக்கே எத்தனையாம் பட்டியில் என்பதை மேலே உள்ள வரிசை சொல்லும். முதல் புள்ளி கிழக்கே 2, வடக்கே 2 மீற்றரில். இரண்டாவது கிழக்கே 6, வடக்கே 34இல். மூன்றாவது 10, 18இல்.

இந்தத் தொகுதிக்கு எல்லாத் துண்டுகளையும் நான் கையால் எண்ணிப் பார்த்தேன். மிக மோசமானது 42க்கு 42 மீற்றர் துண்டு. உள்ளே, எல்லையில் நிற்பவை உட்பட, 9 புள்ளிகள். பரப்பளவுப்படி 6.89 இருக்கவேண்டும். விலகல் 135/1024, அதாவது 0.132. சதுரக் கட்டத்தின் 0.234க்குப் பக்கத்தில் இது பாதியைவிடச் சற்றுக் கூட.

கண்ணுக்குச் சீராகத் தெரிந்த கட்டம் ஏன் தோற்றது? கட்டத்தை மேற்கிலிருந்து கிழக்கே பக்கவாட்டில் பாருங்கள். 16 புள்ளிகள் இருந்தும் நாலே நாலு தூரங்கள்தான். ஒவ்வொரு தூரத்திலும் நாலு புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்து நிற்கின்றன. வாய்க்கால் மேற்குப் பக்கம் இருந்து, தண்ணீர் கிழக்கே போகப் போக மண் மாறுகிறது என்றால், கட்டம் அந்த மாற்றத்தை நாலு இடத்தில் மட்டும் பார்க்கிறது. ஹேமர்ஸ்லி 16 வெவ்வேறு தூரங்களில் பார்க்கிறது, அதே வேளை வடக்குத் தெற்காகவும் 16 தூரங்களில். வாய்க்கால் தலைப்பில் உள்ள வயலுக்கும் கடைசி வயலுக்கும் மண்ணில் என்ன வித்தியாசம் என்று கமக்காரரைக் கேட்டால், ஏன் இது முக்கியம் என்று அவர்களே சொல்வார்கள்.

முளை நெல்லைக் கடகத்தில் எடுத்து வீசி விதைப்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு கைதேர்ந்தவர் வீசினாலும் முளைத்தபின் ஓரிடம் அடர்த்தி, ஓரிடம் வெளி. தற்செயலாகப் போட்ட புள்ளிகளும் இப்படித்தான். அவற்றின் விலகல் ஏறக்குறைய 1/√N என்ற வேகத்தில்தான் குறையும்: பாதியாக்க நாலு மடங்கு புள்ளி வேண்டும். சோபோல் 1967இல் தந்தது, ஹோல்ற்றன் 1960இல் தந்தது போன்ற தொகுதிகள் இரு பரிமாணத்தில் மடக்கை N (log N) ஐ N ஆல் வகுத்த அளவுக்கு நெருங்கிக் குறையக்கூடியவை. அதைவிட வேகமாக எந்தத் தொகுதியாலும் முடியாது என்று வொல்ஃப்காங் ஷ்மிட் 1972இல் நிறுவினார். அதற்கு முன் 1954இல் கிளாவுஸ் ரோத் எல்லாப் பரிமாணத்துக்கும் ஒரு கீழெல்லை தந்திருந்தார். முழுச் சீர் என்பது எட்டவே முடியாத ஒன்று என்பது இப்படி நிறுவப்பட்ட உண்மை. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விடயம் அதுதான்.

விலகல் குறைந்தால் உங்கள் சராசரிக்கு என்ன இலாபம்? கொக்ஸ்மா ஒரு பரிமாணத்துக்கும், ஹ்லாவ்கா 1961இல் பல பரிமாணத்துக்கும் காட்டிய ஒரு சமனிலி இருக்கிறது. சராசரியில் வரக்கூடிய பிழை, மண் வயலுக்குள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவையும் நட்சத்திர விலகலையும் பெருக்கினால் வருவதைத் தாண்டாது. மண் உங்கள் கையில் இல்லை, விலகல் உங்கள் கையில் இருக்கிறது. மேற்பார்வையாளருக்கு நட்சத்திர விலகலைக் காட்டுவதற்கு இதுவே நியாயம். ஆனால் இது ஒரு மேலெல்லை மட்டும், உண்மைப் பிழை பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவாக இருக்கும். அதோடு, வயலின் குறுக்கே சாய்வாக ஒரு பழைய வாய்க்கால் படுகை ஓடி, அதன் விளிம்பில் மண் திடீரென்று மாறுகிறது என்றால் அந்த ஏற்ற இறக்க அளவு முடிவிலியாகிவிடும், சமனிலி ஒன்றும் சொல்லாது. எங்கள் துண்டுகள் எல்லாம் வரம்புக்குச் சமாந்தரமானவை, சாய்வுக் கோடு அவற்றோடு ஒத்துப்போவதில்லை.

இனி நாலு வகை எண்களுக்கு வருவோம். நட்சத்திர விலகலை நேரடியாகக் கணிக்க, துண்டின் மூலை எந்தப் புள்ளியின் கிழக்குத் தூரத்திலும் எந்தப் புள்ளியின் வடக்குத் தூரத்திலும் இருக்கலாம், வயலின் விளிம்பிலும் இருக்கலாம். 16 புள்ளிக்கு 17 தடவை 17, அதாவது 289 மூலைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு எண்ணிக்கை. கணினிக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் 10 பரிமாணத்தில் 128 புள்ளி என்றால் மூலைகளின் தொகை ஒன்றுக்குப் பின் 21 பூச்சியம் போட்ட எண்ணைத் தாண்டும். கெட்டித்தனமான வழிகள் வேலையைக் குறைக்கும், ஆனால் பரிமாணம் கூடக்கூட இது அடிப்படையிலேயே கடினமான கணக்கு என்று நுவூக், ஸ்ரீவாஸ்தவ், வின்சன் மூவரும் 2009இல் நிறுவினர்.

அதனால் மென்பொருள்கள் வேறு வழியில் போகின்றன. மிக மோசமான துண்டைத் தேடாமல், எல்லாத் துண்டுகளின் வித்தியாசத்தையும் வர்க்கித்துச் சராசரி எடுக்கின்றன. வோர்னொக் 1972இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். புள்ளிகளைச் சோடி சோடியாக எடுத்துப் பெருக்கிக் கூட்டினால் போதும், துண்டே அடைக்கத் தேவையில்லை. முன்னைய வரம்புக் கணக்கில் இந்த முறை சீரான ஐந்துக்கு 0.058உம், ஒழுங்கற்ற ஐந்துக்கு 0.102உம் தரும். நட்சத்திர அளவில் அதே இரண்டும் 0.10, 0.25. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பெரிய குறையைச் சராசரி முறை மென்மையாக்கிவிடும் என்பது இதில் தெரிகிறது.

பைதன் மொழியின் சைபை நூலகத்தில் 2021 முதல் இருக்கும் நாலு வகையும் இந்தச் சராசரி இனத்தைச் சேர்ந்தவை. வோர்னொக் கணித்தது அதில் ஒன்று. அதற்கு ஒரு குறை உண்டு: எல்லாத் துண்டும் தென்மேற்கு மூலையில் தொடங்குகிறது. வடகிழக்கில் தொடங்கியிருந்தால் வேறு எண் வந்திருக்கும். வயலுக்கு அப்படி விசேடமான மூலை எதுவும் இல்லையே! இதைச் சரிசெய்ய ஹிக்கர்னெல் 1998இல் தந்ததுதான் மையப்படுத்திய விலகல். அது துண்டை அருகில் உள்ள மூலையிலிருந்து தொடங்கும், நாலு மூலையையும் சமமாக நடத்தும். சுற்றி மடித்த வகை, வயலின் கிழக்கு விளிம்பை மேற்கு விளிம்போடு ஒட்டியதுபோல் கணிக்கிறது. வயலுக்கு அது பொருந்தாது. நாலாவது வகை இந்த இரண்டையும் கலந்தது, விட்டுவிடலாம். உங்களுக்கு என் தெரிவு: மையப்படுத்தியதை ஒப்பிடுவதற்கு, நட்சத்திர விலகலை அறிக்கையில் எழுதுவதற்கு. எந்த வகையானாலும் மென்பொருள் தருவது வர்க்கமூலம் எடுத்த எண்ணா எடுக்காததா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் எண்ணோடு ஒருபோதும் ஒப்பிட வேண்டாம். 16 புள்ளியின் எண்ணை 20 புள்ளியின் எண்ணோடு ஒப்பிடுவதும் அப்படித்தான்.

தனி எண் ஒன்றைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. 16 தற்செயல் புள்ளிகளைக் கணினியில் ஆயிரம் தடவை போட்டு, ஒவ்வொரு தடவையும் விலகலைக் கணித்து, உங்கள் தொகுதி அந்த ஆயிரத்தில் எத்தனையாம் இடத்தில் நிற்கிறது என்று காட்டுங்கள். மேற்பார்வையாளர் கேட்டதற்கு அதுதான் நேரான விடை.

இப்போது முதலில் சொன்ன மற்றப் பக்கம். வயலில் எந்த இடமும் மாதிரி எடுத்த இடத்திலிருந்து மிகத் தூரமாக இருக்கக்கூடாது, நோய்த் திட்டு ஒன்றைத் தவறவிடக்கூடாது என்பது உங்கள் கவலையானால் விலகல் உங்களுக்கு உதவாது. அங்கே அளக்கவேண்டியது மிகப் பெரிய வெற்றிடத்தை. சதுரக் கட்டத்தில் வயலின் எந்த இடத்திலிருந்தும் 11.3 மீற்றருக்குள் ஒரு புள்ளி உண்டு. ஹேமர்ஸ்லியில் தென்கிழக்கு மூலையில் போய் நில்லுங்கள். மிக அருகில் உள்ள புள்ளி கிழக்கே 50, வடக்கே 14இல். தூரம் 19.8 மீற்றர். வடமேற்கு மூலையிலும் அதே கதை. விலகலில் தோற்ற கட்டம் இங்கே இலகுவாக வெல்கிறது. திட்டுத் தேடுபவர் கட்டத்தையே எடுக்கட்டும். நீங்கள் சராசரி எடுப்பவர், உங்களுக்குச் சோபோல் சரி.

கடைசியாகச் சேற்றில் இறங்கும்போது கவனிக்கவேண்டியது. திட்டமிட்ட புள்ளி வரம்பின் மேல் விழும், வாய்க்காலுக்குள் விழும், புற்றின் மேல் விழும். அப்போது கால் தானாகவே நல்ல இடத்துக்கு நகரும். நகர்த்துவது பிழையில்லை. ஆனால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக எப்போதும் வடக்கே இரண்டு மீற்றர். அப்புறம், விலகலைத் திட்டமிட்ட புள்ளிகளுக்கு அளந்து விட்டுவிடாமல், உண்மையில் மண் எடுத்த இடங்களுக்கு மறுபடி அளவுங்கள். அந்த இடங்களைக் கைத்தொலைபேசி ஜிபிஎஸ்ஸில் குறிக்க வேண்டாம். அது சில மீற்றர் தவறும், 4 மீற்றர் பட்டிகளை வைத்து வேலை செய்யும்போது அது பட்டியையே மாற்றிவிடும். வரம்பில் அளவு நாடாவைப் போட்டு அளப்பதுதான் நல்லது.

புள்ளிகளின் எண்ணிக்கையைப் 16இலேயே வைத்திருங்கள். சோபோல் தொகுதி 2இன் அடுக்குகளில்தான் முழுப் பலனைக் காட்டும். முதல் புள்ளி பூச்சியத்தில் இருக்கிறதே என்று அதை வெட்டி எறிந்தால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். அந்தப் புள்ளி இடைஞ்சல் என்றால் ஆர்ட் ஓவன் 1995இல் தந்த குலுக்கல் முறையின் ஒரு வடிவம் மென்பொருளிலேயே இருக்கும். ஒழுங்கு கெடாமல் எல்லாப் புள்ளியையும் நகர்த்தித் தரும்.

நட்சத்திர விலகலுக்கு நீங்களே நிரல் எழுதினால், முதலில் மேலே உள்ள இரண்டு தொகுதியையும் கொடுத்துப் பாருங்கள். கட்டத்துக்கு 0.234உம் ஹேமர்ஸ்லிக்கு 0.132உம் வந்தால் சரி. கட்டத்துக்கு 0.203 வருகிறதென்றால், துண்டின் எல்லையில் நிற்கும் புள்ளிகளை நிரல் எண்ணாமல் விடுகிறது. வரம்புக் கணக்கில் சொன்ன 'தொட்டும்' என்ற பார்வை விடுபட்டிருக்கிறது.